பக்கத்து மேஜை எதிரி

ஜூன் 18
போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நடக்கும் துப்பறியும் நாவல் ஒன்றை எழுத ஆரம்பித்திருக்கிறேன். விசாரணை அதிகாரிகளுக்கு ஒருவர் பின் ஒருவராகக் குறி வைக்கிறார்கள். ஆட்டிவைப்பவன் யாரென்று கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும். களம் பிடிபடட்டும் என்று ஃபிரிட்ஸ் பாவரைப் பற்றிப் படிக்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதர், நீதிபதி. 1933இல் நாஜிகள் வதைமுகாமில் அடைத்தார்கள். அப்புறம் டென்மார்க், ஸ்வீடன் என்று தப்பிப் பிழைத்தவர், 1949இல் ஜெர்மனிக்கே திரும்பிவிட்டார். துரத்திய நாட்டிலேயே மறுபடி வழக்கு நடத்தப் போனாரே, அதை நினைத்து நேற்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூன் 21
1956இல் பாவர் ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர். அடுத்த வருடம் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு தகவல் வருகிறது. அனுப்பியவர் லோதர் ஹெர்மன், கண்பார்வை இல்லாதவர். அவர் மகளோடு பழகிய பையன் தன் குடும்பப் பெயரை மறைக்கவே இல்லை: ஐக்மன். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திவிட்டுத் தலைமறைவான நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மனின் மகன்.

என் கதாநாயகனாக இருந்தால் உடனே போலீசுக்குச் சொல்லியிருப்பான். பாவர் சொல்லவில்லை. போலீசிலும் நீதித்துறையிலும் தூதரகங்களிலும் பழைய நாஜிகள் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரு காகிதம் அந்த மேஜைகளைக் கடந்தால் போதும், ஐக்மன் உஷாராகிவிடுவான். மாநில முதல்வர் சின்னிடம் சொல்லிவிட்டு, ரகசியமாக இஸ்ரேலுக்குத் தகவல் கொடுத்தார். வெளியே தெரிந்திருந்தால் தேசத்துரோக வழக்கே பாய்ந்திருக்கும்.

ஜூன் 22
இவ்வளவு ஏழை வீட்டிலா ஐக்மன் இருப்பான் என்று இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட் முதலில் நம்பவில்லை. 1959 டிசம்பரில் பாவர் ஜெருசலேமுக்கே போய் வற்புறுத்தினார். 1960 மே 11 அன்று ஐக்மன் பிடிபட்டான். தன் பங்கைப் பாவர் சாகும்வரை வெளியே சொல்லவில்லை.

ஜூன் 26
இன்று முழுக்க ஒரே ஒரு கட்டுக் காகிதம்தான். போர் முடியும் நேரத்தில் ப்ரெஸ்லாவ் நகரில் எரிந்துகொண்டிருந்த, நாஜிகளின் எஸ்.எஸ். படைக்கான நீதிமன்றக் கட்டடத்திலிருந்து யாரோ எடுத்தவை. முகாமிலிருந்து உயிர்தப்பிய எமில் வுல்கான் அவற்றைப் பல வருடம் வைத்திருந்தார். 1959 ஜனவரியில் பத்திரிகையாளர் தாமஸ் க்னீல்கா மூலம் பாவர் கைக்கு வந்தன. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் 'தப்பியோடும்போது சுடப்பட்ட' கைதிகளின் பெயர்கள். கூடவே, சுட்ட காவலர்களின் பெயர்களும். கொன்றவர்களே ஒழுங்காக எழுதி வைத்த கணக்கு.

அதிலிருந்து வளர்ந்த வழக்கு 1963 டிசம்பர் 20 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் 22 பேர். அவர்களில் ஒருவர் கப்பேசியுஸ், ஆஷ்விட்ஸ் முகாமின் மருந்தாளர். போருக்குப் பின் கோப்பிங்கனில் சொந்தமாக மருந்துக் கடை வைத்திருந்தவர். நான் இருட்டில் ஒளிந்திருக்கும் எதிரியை யோசித்துக்கொண்டிருந்தேன். இவரோ பட்டப்பகலில் இருமல் மருந்து விற்றிருக்கிறார்!

ஜூலை 1
1968இல் இதே நாளில்தான் பாவரைத் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் இறந்து கிடக்கக் கண்டார்கள். கொலை என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை. என் நாவலில் அதைக் கொலையாக்க மனம் வரவில்லை. தன் அறையை விட்டு வெளியே கால் வைத்தால் எதிரி நாட்டுக்குள் நுழைவதுபோல இருக்கிறது என்று அவர் சொன்னதாகப் படித்தேன். எனக்கு அது போதும்.

வில்லனின் பெயர் வெளிவரும் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். முதல் அத்தியாயத்தையும் புதிதாக எழுதுகிறேன். அதிகாரி ஒரு கடிதம் எழுதுகிறார். தட்டச்சு செய்யச் செயலாளரைக் கூப்பிட மணியை நோக்கிக் கை போகிறது. பாதியில் நிற்கிறது. தானே உறையில் போட்டு ஒட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.