மூன்று இரவு, ஐந்து படகு: எங்கள் தீவுப் பயணம்

நேற்றுப் பின்னேரம்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உடுப்பு இன்னும் தோய்க்கவில்லை. பையைத் தட்டினால் கடல் மணல் கொட்டுகிறது. ஆறுதலாக எழுதலாம் என்று விட்டால் நெடுந்தீவு ஓட்டோக்காரர் மேல் உள்ள கோபம் ஆறிவிடும், அங்கே குடித்த கூழின் ருசியும் மறந்துவிடும். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவள். கரும்பலகையில் யாழ்ப்பாணக் குடாநாட்டை வரைந்து, மேற்குப் பக்கத்தில் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று ஒவ்வொன்றாகப் போடுவேன். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இவற்றுக்கு வைத்த கதையும் சொல்வேன். வேலணை லைடன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். கடைசிப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நிற்கிறது. இவ்வளவும் சொல்லிக் கொடுத்த நான் நெடுந்தீவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. நயினாதீவுக்கு நேர்த்திக்குப் போவோம், கும்பிடுவோம், அடுத்த படகில் திரும்புவோம். போர்க்காலத்தில் வழியில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பு, கலியாணம் என்று காலம் போய்விட்டது.

இவர், என் கணவர், தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம். கனடாவில் இருக்கும் மகன் போன மாதம் தொலைபேசியில், "அம்மா, கரீபியன் தீவுப் பக்கம் ஏழு நாள் கப்பல் போகுது. ரெண்டு பேரும் வாங்கோ, நான் காசு கட்டுறன்" என்றான். எவ்வளவு என்று கேட்டேன். அவன் சொன்ன தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தக் காசை உன்ரை வீட்டுக் கடனுக்குக் கட்டு. எங்களுக்குப் பஸ் எடுத்தால் தீவு" என்று சொல்லிவிட்டேன்.

இனிப் போகிறவர்களுக்கு உதவியாக நாள் நாளாக, செலவோடு எழுதப் பார்க்கிறேன்.

முதல் நாள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு முன்பே நின்றோம். குறிகட்டுவான் போகும் தனியார் பஸ் ஒன்று வந்தது. இருக்கை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டது ஐந்து நிமிடம். மூட்டை, சைக்கிள் ரயர், மீன்பெட்டி, ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இடது முழங்கால் மடக்கினால் நோகும். அந்தக் காலுக்கு மேல் யாரோ ஒருவரின் அரிசிப் பை. பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. குறைக்கச் சொல்லிக் கேட்டதற்கு நடத்துநர் திரும்பியும் பார்க்கவில்லை. மிச்சக் காசையும் இறங்கும் வரை தரவில்லை, இவர் மூன்று முறை கேட்ட பிறகுதான் தந்தார். வயதானவர்களை இப்படி ஏற்றிச் செல்வது சரியில்லை. அவசரம் இல்லாதவர்கள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.

ஆனால் பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக்கடல், மீன்பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகள், அதில் வரிசையாகக் கொக்குகள். வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தில் இன்னும் வடிவு. கடலுக்கு நடுவே ஒரு கோடு கீறி அதன் மேல் ஓடுவது போல் இருக்கும்.

குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம்தான் ஓட்டம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தனியார் படகுகளில் ஆட்களைக் குனிந்து கீழே இறங்கச் சொல்வார்கள். உள்ளே டீசல் மணமும் புழுக்கமும். முழங்கால் நோவுள்ளவர்கள் படகு நிறைய முன் போய், ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்க இடம் கேளுங்கள். உயிர்காப்பு அங்கியையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் படகில் கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்கள், அது பிழை.

நாகபூசணி அம்மனைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? வாயில் பூவோடு புளியந்தீவில் இருந்து நீந்தி வந்த நாகம், அதைக் கருடன் துரத்தியது, அது கல்லைச் சுற்றி ஒளிந்தது எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போர்த்துக்கேயர் இடித்த கோயிலை 1788இல் திரும்ப எழுப்பினார்கள். மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, ரசம். பக்கத்தில் தெற்கில் இருந்து வந்த ஒரு சிங்களக் குடும்பம். இதே தீவில் உள்ள நாகதீப புத்த விகாரைக்கு வந்தவர்கள், இங்கேயும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறிய பெரியவர் எல்லோருக்கும் ஒரே அகப்பையால்தான் போட்டார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. கடைசிப் படகு போன பிறகு அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நான் கண்டதே இல்லை. முதன்முறையாக மடத்தில் ஓர் இரவு தங்கினோம். ஐந்தரைக்குக் கச்சான் கடைகளை மூடிவிட்டார்கள், இறங்குதுறையில் ஒருவரும் இல்லை. கோபுரத்துக்கு நேரே கடற்கரையில் இருந்தோம். காலுக்கடியில் நீர் வந்து வந்து போனது. இவர் அரை மணித்தியாலம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "இஞ்சேரும், இவ்வளவு காலமும் நாங்கள் பகலைத்தான் பார்த்துப்போட்டுப் போயிருக்கிறம்" என்றார். இந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் இரவு தங்குங்கள். மடத்தில் கட்டணம் என்று கேட்கவில்லை, நாங்கள் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம்.

இரண்டாம் நாள் குறிகட்டுவானுக்குத் திரும்பி நெடுந்தீவுப் படகு. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பங்குனி என்றபடியால் கடல் தட்டையாக இருந்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு இந்தக் கடலில் வயதானவர்கள் போக வேண்டாம், அலை படகைத் தூக்கிப் போடும் என்று படகில் வந்த எல்லோரும் சொன்னார்கள். அந்தப் படகில் எரிவாயு சிலிண்டர், கோழிக்குஞ்சுக் கூடை, சீமெந்து என்று ஓர் ஊருக்கு வேண்டிய அத்தனையும் எங்களோடு வந்தன. தபால் பையும் வந்தது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் மூன்று இளம் ஆசிரியைகள். ஒருத்தி மடியில் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டு வந்தாள். வலிகாமத்தில் இருந்து விடிய நாலு மணிக்கு எழும்பி, பஸ், படகு என்று ஒவ்வொரு நாளும் வருகிறாளாம். "பழகிட்டுது ரீச்சர்" என்றாள். நான் ஆசிரியை என்று சொல்லாமலே எப்படிக் கண்டுபிடித்தாளோ! இந்தப் பிள்ளைகளுக்குத் தீவிலேயே வசதியான விடுதி கட்டிக் கொடுத்தால் என்ன? கேட்க வேண்டிய இடத்தில் யாராவது கேளுங்கள்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்கியவுடன் குமுதினி நினைவிடம். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வந்த சனத்தை நடுக்கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நாங்கள் வந்த அதே கடல். படகில் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கியதும் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நாங்களும் கொஞ்ச நேரம் நின்றோம்.

அப்புறம் அந்த ஓட்டோ. ஊர் சுற்றிக் காட்ட எண்ணாயிரம் ரூபாய் கேட்டார். வெயில் ஏறிவிட்டது, எனக்குக் கால் நோவு, இவர் பேரம் பேசி ஆறாயிரத்துக்குக் கொண்டுவந்தார். காசு போனாலும் பரவாயில்லை, ஒழுங்காகக் காட்டியிருக்க வேண்டும். கோட்டையில் பத்து நிமிடம். பெருக்கமரத்தடியில் (ஆங்கிலத்தில் பாவோபாப்) "படம் எடுங்கோ, எடுங்கோ" என்று விரட்டல். வளர்கிறது என்று ஊரார் சொல்லும் கல்லைக் காட்டினார், அதன் கதையைச் சொல்லவில்லை. குதிரைகளைத் தூரத்தில் கையால் காட்டி, "அந்தா நிக்குது" என்றுவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் எங்களை இறக்கிவிட்டு அடுத்த ஆட்களை ஏற்றப் போய்விட்டார். காலைப் படகில் வந்து பின்னேரம் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் கிடைக்கிறது. அவர்கள் நெடுந்தீவைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆறாயிரம் என்பது எங்கள் இருவரின் ஒரு மாத மருந்துச் செலவு. இரவு நித்திரை வரும் வரை எனக்கு அந்தக் காசு கண்ணுக்குள் நின்றது.

எங்களைக் காப்பாற்றியது தங்கிய வீட்டு அம்மாதான். அறைக்கு ஓர் இரவுக்கு நாலாயிரம், சாப்பாடு வேறு. கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, முதலே எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று தலையில் கை வைத்தார். அடுத்த நாள் தன் தம்பியின் ஓட்டோவைக் காலையிலும் பின்னேரமுமாக மூவாயிரத்துக்குப் பேசித் தந்தார்.

மூன்றாம் நாளைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். வழி முழுக்கப் பவளக்கல் மதில்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லை எடுத்துக் கல்லின் மேல் அடுக்கிய மதில், வீடு வீடாக, வயல் வயலாக ஓடுகிறது. கல்லைக் கிட்டப் பார்த்தால் பவளப் பூச்சி வாழ்ந்த கண்ணறைகள் அப்படியே தெரிகின்றன. இந்தத் தீவே அந்தச் சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் நிற்கிறது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! கையால் தடவிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு தெற்குப் பக்கம் வெளி. 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி அது. தம்பி வண்டியை நிற்பாட்டி, "சத்தம் போடாமல் இருங்கோ, அதுகளே வரும்" என்றார். அரை மணித்தியாலம் இருந்தோம். வந்தன. மண்ணிறத்தில் பதினாலு குதிரைகள், நடுவில் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய இனம் என்கிறார்கள். ஆண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், இவை மட்டும் தங்கள் பாட்டில் புல் மேய்கின்றன. மழை விட்டு அதிக நாள் ஆகாததால் கேணிகளில் தண்ணீர் இருந்தது. கடும் கோடையில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்துப்போவதும் உண்டென்று தம்பி சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்தக் குட்டியை விட்டு எனக்குக் கண் எடுக்க முடியவில்லை. ஆடி, ஆவணிக்கு முன் யாராவது அவற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்ப வழி செய்தால் நாங்களும் எங்களால் முடிந்ததைக் கொடுப்போம்.

கூழைச் சொல்லாமல் விட்டால் பாவம். அன்றிரவு அம்மா முற்றத்தில் அடுப்பு மூட்டி ஒடியல் கூழ் காய்ச்சினார். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை முதலே ஊறவைத்துக் காறல் தண்ணீரை வடித்து எடுத்திருந்தார். பானையில் அன்று காலை பிடித்த நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், மரவள்ளி, ஒரு பிடி அரிசி. பலாக்கொட்டை மட்டும் யாழ்ப்பாணத்துச் சந்தையில் இருந்து படகேறி வந்ததாம். செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி, கடைசியில் முருங்கையிலை. பனையோலையில் பிளா கோலித் தந்தார். சூட்டோடு உறிஞ்ச, உறைப்பில் கண்ணும் மூக்கும் ஓடியது. எங்கள் வீட்டிலும் நான் கூழ் காய்ச்சுகிறவள்தான், ஆனால் கடலில் இருந்து பானைக்கு நேரே வந்த நண்டின் ருசிக்கு நான் எங்கே போவது? கொழுப்புக்கு மருந்து எடுக்கும் இவர் மூன்று பிளா குடித்தார். நான் தடுக்கவில்லை. இருவருக்கும் ஆயிரத்து இருநூறு ரூபாய்தான் வாங்கினார், நான் கூடக் கொடுக்க, திருப்பித் தந்துவிட்டார்.

நாலாம் நாள் விடியப் படகில் குறிகட்டுவான் வந்து, ஊர்காவற்றுறைக்குப் போனோம். அங்கிருந்து காரைநகருக்குப் 'பாதை' ஓடுகிறது. மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஒன்றாக ஏறும் மிதவை, காசு இல்லை. சில நிமிட ஓட்டம்தான், ஆனால் நடுவில் நின்று பார்த்தால் தண்ணீருக்குள் ஒல்லாந்தரின் கடற்கோட்டை முழுதாகத் தெரியும். அதைப் பார்க்கவென்றே நாங்கள் இந்தச் சுற்றுவழியில் வந்தோம். பிறகு பொன்னாலைப் பாலத்தால் வீடு.

கணக்கு: பஸ், படகு, ஓட்டோ, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் இருபத்தேழாயிரத்துச் சொச்சம். நெடுந்தீவில் முதலில் பிடித்த ஓட்டோவுக்குப் போன ஆறாயிரமும் அதற்குள்தான், நீங்கள் அதை மிச்சம் பிடிக்கலாம். படகு நேரம் மாறும், முந்தின நாளே இறங்குதுறையில் கேட்டுக்கொள்ளுங்கள். காசாகக் கொண்டுபோங்கள், நாங்கள் போன இடங்களில் அட்டை எடுபடவில்லை. குடை கட்டாயம், குதிரைகள் மேயும் வெளியில் ஒரு மர நிழலும் இல்லை.

அனலைதீவும் எழுவைதீவும் மிச்சம். சோளகத்துக்கு முன் போய்விட வேண்டும் என்று இவர் காலையில் இருந்து நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டு இருக்கிறார். கூழ் காய்ச்சிய அம்மாவிடம் இருந்து ஒரு சுண்டு ஒடியல் மா வாங்கி வந்தேன். இன்றிரவு நண்டு கிடைத்தால் காய்ச்சிப் பார்க்கலாம்.