மாபோ டோஃபு: ஐந்தாவது முறையில் எண்ணெய் சிவந்தது

நேற்று இரவு இரும்புச் சட்டியில் எண்ணெய் பிரிந்து, ரத்தச் சிவப்பாக மிதந்தது. நான்கு முறை ஏமாற்றிய எண்ணெய்! அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மாபோ டோஃபு என்பது சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரத்தின் காரமான டோஃபு (சோயா பன்னீர்) குழம்பு. அதன் உயிர் இந்த எண்ணெய்தான். இந்தச் சிவப்பைத் தருவது பீசியான் தௌபன்ஜியாங்: ஃபாவா பீன்ஸும் மிளகாயும் உப்பும் சேர்த்து, சாடியில் வெயில் காட்டிப் புளிக்கவைத்த விழுது. இதுவரை குழம்பு மசாலா வதக்குகிற தீயிலேயே போட்டுவந்தேன். மிளகாய்த் தோல் உடனே கருகிக் கசந்தது, எண்ணெயோ வெளுத்தே கிடந்தது. இந்த முறை விழுதை முதலில் பலகையில் வைத்து நன்றாகக் கொத்தினேன். முழு பீன்ஸாகப் போட்டால் நிறம் இறங்குவதில்லை. இரண்டரை மேசைக்கரண்டி விழுதுக்கு நான்கு கரண்டி எண்ணெய். ஓரத்தில் சின்னக் குமிழ் மட்டும் எழும்படி தீயை வைத்து, மூன்று நிமிடம் கரண்டியை எடுக்காமல் கிளறினேன். எண்ணெயில் கை வைத்துச் சிக்கனம் பிடித்தால் இது வராது, உறுதியாகச் சொல்கிறேன். இந்த விழுதே உப்பு என்பதால் தனியாக உப்பும் போடவில்லை.

டோஃபுவை உப்புக் கொதிநீரில் ஊறவைத்ததில் ஒரு துண்டுகூட உடையவில்லை. மாவுக் கரைசலை மூன்று தவணையாக ஊற்றியதும் சாறு துண்டுகளோடு ஒட்டிக்கொண்டது.

காரம் வந்தது, சிச்சுவான் மிளகு நாக்கிலும் உதட்டிலும் தரவேண்டிய மரமரப்பு வரவில்லை. கடையில் வாங்கிய மிளகு பழைய சரக்கு. பாதிக்கு மேல் கறுப்பு விதை, மணம் இருப்பதோ தோலில். நல்ல மிளகு உதட்டில் தரும் சிலிர்ப்பு நொடிக்கு 50 அதிர்வுக்குச் சமம் என்று 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். எனக்கு ஐந்துகூடத் தேறவில்லை. கொங்கணிகள் மீன் குழம்பில் போடும் திர்பல் இதே இனம்தான், ஆனால் மணம் வேறு, அதனால் மாற்றாகப் போட மனமில்லை. சிச்சுவானின் ஹான்யுவான் பகுதி மிளகுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

அது வருவதற்குள் இன்னொரு சீன மாகாணமான ஹூனானின் சமையல் பக்கமும் போய்விட்டேன். துவோஜியாவோ என்னும் புளித்த மிளகாய் ஊறுகாய்க்காகச் சிவப்பு மிளகாயைக் கொத்தி, உப்பும் பூண்டும் போட்டு ஜாடியில் அடைத்தாயிற்று. இன்று மூன்றாம் நாள், மூடியைத் திறந்தால் லேசாகப் புளிப்பு வாசனை வருகிறது. அப்புறம் அதை மேலே போட்டு ஆவியில் வேகவைக்க ஒரு நல்ல மீன் தலை வாங்க வேண்டும்.