ஒளிவாளும் கொலுசுப் பட்டறை அரமும்

அக்கா பையனுக்கு ஒளிவாள், அதான் ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற ஒளிர்ற வாள், செஞ்சு தர்றேன்னு வாக்குக் குடுத்து மூணு வாரமாச்சு. "சேலத்துல இருந்துக்கிட்டு எவர்சில்வர்ல பண்ணாம அலுமினியமா?"ன்னு அண்ணன் கிண்டல். கையால ராவிப் பாருண்ணே, தெரியும்!

கைப்பிடிக்கான அலுமினியப் பைப்பை அறுக்க ஹாக்சா போதும். பைப்பைச் சுத்திப் பேப்பரை விளிம்பு சேர ஒட்டி, அந்த ஓரமாவே அறுத்தா கோணாது. பிசிறு எடுக்குற அரம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில மாமா குடுத்தது. எலிவால் ஒண்ணு, அரைவட்டம் ஒண்ணு.

வாளைப் பிடிச்சு நிறுத்துற ஸ்க்ரூவுக்கு 3.3 மி.மீ. ஓட்டை, எம்4 டேப் (ஓட்டைக்குள்ள மரை வெட்டுற கருவி). அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால, நடுவுல ரெண்டு சொட்டு எண்ணெய். அவசரப்பட்டேன், டேப் உள்ளயே முறிஞ்சுது. அந்தப் பைப் இப்போ வெந்நீர் அடுப்புக்கு ஊதாங்குழல்.

வாளுக்கு பாலிகார்பனேட் குழாய்தான். அக்ரிலிக் மோதுனா உடைஞ்சிரும். அப்புறம் உள்ள லைட்டுக்கு வயர் இணைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃப்ளக்ஸ், மல்டிமீட்டர். ஸ்லீவை (இணைப்பை மூடுற உறை) வயர்ல மாட்டிட்டு ஈயம் வைங்கப்பா! நாலு தடவை மறந்து, நாலு தடவை கழட்டினேன்.

1977-ல ஸ்டார் வார்ஸ் படத்துல நாயகன் கையில இருந்த வாளோட பிடியே பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃபிளாஷ் கைப்பிடிதான். நானும் இப்போ பழைய இரும்புக் கடையில டார்ச் லைட் தேடிட்டிருக்கேன். யார் வீட்டுப் பரண்லயாவது மூணு கட்டை டார்ச் கிடக்கா?