அலாரம் அடித்தால்தான் ஒண்ணுக்கு

ராத்திரி 11, 2, 5. மூன்று தடவை அலாரம். வீட்டுக்காரிக்கு இப்போதெல்லாம் அது காதிலேயே விழுவதில்லை. நான்தான் எழுந்தாக வேண்டும். தூக்கத்தில் அடித்தசை தளர்ந்துவிடும், விட்டால் பாய் நனையும்.

போன வருஷம் புற்றுநோய்க்காக மூத்திரப்பையை எடுத்தார்கள். சின்ன வயசிலிருந்து இழுத்த சுருட்டு நெஞ்சை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்ததை நம்பவே முடியவில்லை. புகையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில் பையில்தானே தேங்குகிறது என்றார் டாக்டர்.

வயிற்றில் துளை போட்டு வெளியே பை மாட்டுவது ஒரு வழி. கைலி முடிச்சுக்குப் பக்கத்தில் என்றதும் வேண்டாம் என்றேன். சிறுகுடலில் 50, 60 சென்டிமீட்டர் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, மடித்துத் தைத்து உள்ளேயே புதுப் பை வைத்தார்கள். எதற்குப் பிளக்கணும்? குழாயாகவே விட்டால் குடல் பழைய ஞாபகத்தில் பிழிந்து தள்ளிக்கொண்டே இருக்குமாம்.

குடல் என்றால் சளியும் விடும். வெந்த ஜவ்வரிசி மாதிரி இழை இழையாக. மூத்திரம் வடிய டியூப் இருந்த மூன்று வாரமும் அதன் வழியாகப் பைக்குள் சலைன் ஏற்றி, சிரிஞ்சால் இழுத்து எடுக்கணும். ஒரு ராத்திரி கரண்ட் போச்சு (ரங்கூனில் போகாத ராத்திரி ஏது). டியூபில் சொட்டுக்கூட வரவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. மகன் போன் டார்ச்சைப் பிடிக்க, வீட்டுக்காரி மெதுவாக ஏற்றினாள், இழுத்தாள். மறுபடி ஏற்றினாள். நாலாவது தடவை விரல் நீளத்துக்குச் சளி. "வந்துருச்சுங்க!" மகன் பிறந்தபோதுகூட அவள் குரலில் அத்தனை சந்தோஷம் இல்லை.

இந்தப் பைக்கு நிறைந்தால் சொல்லத் தெரியாது. முட்டாது, அடிவயிறு லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். முதலில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இப்போது பகலில் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. உட்கார்ந்து, அடியைத் தளரவிட்டு, வயிற்றை முக்கணும். உட்கார்ந்து போவது கைலி கட்டுகிற ஊரில் புதுசா என்ன? உடம்பில் அமிலம் ஏறாமலிருக்க சோடா மாத்திரை, வருஷா வருஷம் பி12 வைட்டமின் பரிசோதனை. தும்மினால் இன்னும் சொட்டுகிறது.

டீக்கடையில் பத்து மணிக்கு என் போன் கூவினால், அந்தப் பையன் கேட்காமலே கொல்லைக் கதவுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறான்.