தைலமரத்தடி உருண்டைக் காளான்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் எனக்கு, தாவரவியல் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது: ஐயத்துக்குரிய காளான்கள் என் மேசைக்கு வந்துவிடும். புற்றுக்காளானைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கறையான் புற்றுக்குள் வேர்போல் நீளும் அதன் காம்பைத் தோட்டத் தொழிலாளர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள்.

சிக்கல், எல்லையோரத் தைலமரங்களின் அடியில் முளைக்கும் உருண்டைக் காளானில்தான். மேலோட்டமாகப் பார்த்தால் அது உண்ணத்தக்க பந்துக் காளானைப் போலவே இருக்கும். கைப்பேசிப் படத்தைக் காட்டி, "இதத் திங்கலாங்களா சார்?" என்று கேட்பவர்களிடம், அடி மண்ணோடு தோண்டி எடுத்துவரச் சொல்கிறேன். மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்தால், இளம் பந்துக் காளான் மெல்லிய தோலுடன், உட்புறம் முழுவதும் ஒரே வெண்மையாக, மென்மையாக இருக்கும். இதுவோ தடித்த தோலுக்குள் ஊதா கலந்த கருமை பாய்ந்து கெட்டியாக இருக்கும். மிக இளையதாயின் இதுவும் உள்ளே வெளுத்திருக்கும் என்பதால், தோலின் தடிப்பையும் கெட்டித்தன்மையையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். ஸ்கிளிரோடெர்மா என்னும் இப்பேரினம் மரவேர்களோடு கூட்டாக வாழ்வது. தின்றால் சில மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். எந்த இனம் என்று துல்லியமாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். தோட்டத்தில் அது இல்லை, அதை நான் குறையாக நினைப்பதுமில்லை. வேண்டாம் என்று சொல்ல ஓர் அடையாளம் போதும், உண்ணலாம் என்று சொல்லத்தான் எல்லாம் பொருந்த வேண்டும்.

உள்ளே முழுதும் வெண்மையாக இருந்தாலும் நான் அவசரப்படுவதில்லை. அமானிட்டா காளான்களின் மொட்டும் முட்டை வடிவில்தான் மண்ணிலிருந்து எழும். பிளந்த முகத்தில் குடையும் காம்பும் குடையடி மடிப்புகளும் கோடாகத் தெரிந்தால், அது பந்துக் காளானே அல்ல. அவற்றுள் கொடியவற்றின் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது, கொதிக்கவைத்தாலும் அழியாதது. நஞ்சு இருந்தால் வெள்ளி கறுக்கும் என்று நம்பி, குழம்பில் போட்ட வெள்ளிக் காசு கறுக்கவில்லை என்று நிம்மதி அடைபவர்களிடம் இதை ஒவ்வொரு மழைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே வாந்தியும் பேதியும் தொடங்குவதால், இரவு உண்டவர் விடியற்காலையில் வேறெதையோ காரணமாகச் சொல்வார். அத்தகைய நிலையில் மிச்சமிருக்கும் காளானைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி, நோயாளியோடு சேர்த்தே சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமாறு சொல்லிவைத்திருக்கிறேன்.