ஸ்டேஜ் 1 சரி, கிரேடு என்ன?

அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தைராய்டு கேன்சரில் ஒரு வகையான பாப்பிலரி கார்சினோமா, ஸ்டேஜ் 1 என்று ரிப்போர்ட் வந்தது. "இது பயப்பட வேண்டிய கேன்சரே இல்லை" என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள். மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கக் கொடுக்கும் ரேடியோ அயோடினுக்காகப் பார்த்த வேறொரு டாக்டர்தான் ரிப்போர்ட்டை இரண்டு முறை புரட்டிவிட்டு, "மைட்டோசிஸ் எத்தனைன்னு போடலையே, நெக்ரோசிஸ் இருக்கா இல்லையான்னும் எழுதலையே. பிளாக்கை வாங்கிட்டு வாங்க" என்றார். மைட்டோசிஸ் என்றால் செல்கள் பிரிந்து பெருகுவது, நெக்ரோசிஸ் என்றால் கட்டிக்குள் செல்கள் செத்துக் கிடப்பது. பிளாக் என்பது ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பது.

அங்கே ஆரம்பித்தது அலைச்சல். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் லேப் கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிளாக்கெல்லாம் வெளிய தர மாட்டோம்." மறுபடி போனால், நோயாளி கையெழுத்து வேண்டுமாம். முதலிலேயே சொல்வதற்கு என்ன? கையெழுத்தோடு போனதற்கு திசுவைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்பினார். பிளாக் இருந்தால்தான் புதிதாகச் சீவிப் பார்க்க முடியும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் பயாப்ஸி நம்பர் போட்டு அவரிடமே லெட்டர் வாங்கிக்கொண்டு, கவுன்டரில் நிற்காமல் நேராகப் பேத்தாலஜி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். உடனே எடுத்துக் கொடுத்தார். சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகு, அதற்குள் நகத்தளவு திசு. இதற்குத்தான் இத்தனை பாடு.

மறு ரிப்போர்ட்டில் 2 சதுர மில்லிமீட்டருக்கு 7 மைட்டோசிஸ், நெக்ரோசிஸும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் மைட்டோசிஸ் 5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, நெக்ரோசிஸ் இருந்தாலோ ஹை கிரேடு. கிரேடு என்பது கேன்சர் செல்கள் எவ்வளவு மூர்க்கமானவை என்பதன் அளவு. தைராய்டு கேன்சரிலேயே மிக மோசமான அனாபிளாஸ்டிக் வகை அளவுக்கு மோசமில்லை. ஆனால் சாதாரண பாப்பிலரியைவிடத் திரும்ப வரவும், நுரையீரல், எலும்புக்குப் பரவவும் வாய்ப்பு அதிகம். அயோடினைச் சரியாக உறிஞ்சாமலும் போகலாம்.

அப்போது ஸ்டேஜ் 1 தப்பா? இல்லை. பாப்பிலரியில் 55 வயதுக்குள் இருந்து, தூரத்து உறுப்புகளுக்குப் பரவாமல் இருந்தால் ஸ்டேஜ் 1தான். அக்காவுக்கு 47. அந்தக் கணக்கில் கிரேடு சேராது. இதை யாருமே எங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அயோடினோடு பெட் ஸ்கேனும் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தம் என்று கேட்ட பிறகுதான் அக்கா சாப்பிட்டாள். இனி, கேன்சர் திரும்ப வருகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் ரத்த டெஸ்ட் அடிக்கடி உண்டு.

உங்கள் தைராய்டு கேன்சர் ரிப்போர்ட்டில் மைட்டோசிஸ், நெக்ரோசிஸ் என்ற அந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். பிளாக் கைக்கு வந்தால் வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.