மேஃப்ளை நிம்ஃப்பும் உதிர்ந்த செவுள்களும்

மேஃப்ளை ஓடையில் வளரும் பூச்சி; இறக்கை முளைக்காத அதன் இளம்பருவம்தான் நிம்ஃப். புது இனம் ஒன்றை விவரிக்க நாங்கள் சேகரித்த முதல் தொகுப்பைக் கெடுத்தது ஒரு காற்றுக்குமிழி. குப்பியில் முக்கால்வாசிதான் எத்தனால். மலைப்பாதையில் ஜீப் குலுங்கக் குலுங்கக் குமிழி மேலும் கீழும் ஓடி, வயிற்றோரச் செவுள்களையும் வாலிழைகளையும் உதிர்த்துவிட்டது. வயிற்றின் எந்தெந்த வளையத்தில் செவுள் இருக்கிறது, அதன் ஓரம் ரம்பம்போல் இருக்கிறதா, உள்ளே மூச்சுக்குழாய் எப்படிக் கிளைக்கிறது என்பதெல்லாம் இல்லாமல் நிம்ஃப்பை வைத்து இனம் விவரிக்க முடியாது. குப்பியை விளிம்புவரை நிரப்புங்கள்.

95 சதவீத எத்தனாலை மறுநாளே மாற்றிவிட வேண்டும். பூச்சியின் உடல்நீர் கலந்து நீர்த்துப்போனால் டிஎன்ஏ கெடும். பிடித்த இடத்தைக் குறிக்கும் சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதினால் ஓடையின் பெயர் நீலச் சாயமாகக் கரைந்து மிதக்கும்.

இறக்கை மொட்டு கறுத்த, முதிர்ந்த நிம்ஃப்பை மட்டும் விவரிப்புக்கு எடுங்கள். இளசுகளில் தொடை மயிர்களின் எண்ணிக்கையே வேறு.

அடுத்த வேதனை ஸ்லைடு. பேட்டிடே என்ற மேஃப்ளை குடும்பத்தில் இடத் தாடையும் வலத் தாடையும் ஒன்றுபோல் இருக்காது. அவற்றின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் புரோஸ்தீக்கா பல இனங்களில் இடப்பக்கம் தடித்தும், வலப்பக்கம் மெலிந்தும் இருக்கும். கவர்கிளாஸை வைக்கும்போது தாடை புரண்டால் படம் தலைகீழாகிவிடும். வரைந்து முடித்த பிறகுதான் தெரியும். இரண்டு தாடைகளையும் தனித்தனி யூபரால் (ஸ்லைடில் ஒட்டும் பிசின்) துளியில் வையுங்கள். கிளாஸைச் சாய்த்து மெல்ல இறக்கி, உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். யூபரால் காய வாரக்கணக்காகும். அதுவரை ஸ்லைடைப் படுக்கையாகவே வைக்க வேண்டும், நிறுத்தினால் உறுப்புகள் நழுவிப் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் அது புது இனமாக இல்லாமல் போகலாம். பழைய பெயர்கள் பலவும் இறக்கை முளைத்த பூச்சியைப் பார்த்து மட்டும் வைத்தவை. அவற்றின் நிம்ஃப் எப்படியிருக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. ஆகவே முதிர்ந்த நிம்ஃப் சிலவற்றை ஓடையிலேயே வலைக்கூண்டில் வளர்த்துப் பாருங்கள். மேஃப்ளை இறக்கை வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும். அவசரப்பட்டு அதற்குமுன் கொன்றால் ஆண் இனப்பெருக்க உறுப்பு முழு வடிவில் கிடைக்காது. உரித்த தோல், பூச்சி இரண்டும் ஒரே குப்பிக்குள் போகட்டும். வளர்ப்பு தோற்றால், இனங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுவில் 658 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள பகுதியை நிம்ஃப்பிலும் பூச்சியிலும் எடுத்து ஒப்பிடலாம்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், பிரிவு 39படி புது இனத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். எங்கள் பெட்டி ஒருமுறை திரும்பி வந்தது. ஹோலோடைப்பின் (புது இனப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) பாதி உடல் எத்தனாலில், பாதி ஸ்லைடில். இரண்டிலும் வேறு வேறு எண். குற்றம் எங்களுடையதுதான். ஆனால் கூரியர் கவுண்டரில் நடந்ததை மன்னிக்க முடியாது: எத்தனால் என்றதும் பெட்டியைத் தொடவே மறுத்துவிட்டார்கள். விமானச் சரக்கு விதிகளில் ஏ180 என்று ஒரு விலக்கு இருக்கிறது: குப்பிக்கு 30 மில்லி, பெட்டிக்கு 1 லிட்டர் வரை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாம் தடவை அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

புது இனக் கட்டுரை இணையத்தில் மட்டும் வரும் இதழிலென்றால், விலங்குப் பெயர்களின் பதிவேடான ஜூபேங்கில் பதிந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் கடைசி புரூஃபில் அந்த வரியையே காணோம்; வெளியாவதற்கு முந்தைய நாள்தான் கண்ணில் பட்டது.